கடைமடைக்கு ஒரு பள்ளிக்கூட வேன்

பயணக் கட்டுரை எழுதுகிற ஆண்கள் கோபுரத்தை எழுதுவார்கள், டீக்கடையை எழுதுவார்கள், சூரியன் மறைந்ததை ஒரு பக்கம் எழுதுவார்கள். கூட வந்த பெண் எங்கே ஒன்றுக்குப் போனாள் என்று எவரும் எழுதுவதில்லை. நான் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து கடற்கரை வரை நாங்கள் நிறுத்திய பெட்ரோல் பங்குகளில் எல்லாம் பெண்கள் கழிப்பறை இருந்தது. எல்லாவற்றிலும் பூட்டு இருந்தது. சாவி மேனேஜரிடம் இருந்தது. மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். காலை பத்து மணிக்குக்கூடச் சாப்பிடப் போயிருந்தார்.

நான் கிராம சுகாதார நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கக்கூஸ் கட்டுங்கள், கக்கூஸ் கட்டுங்கள் என்று வீடு வீடாகப் போய்த் தொண்டை கட்டியவள். எனக்குக் கோபம் வராமல் யாருக்கு வரும்?

ஆனால் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பூட்டு அல்ல. இந்தப் பயணத்தில் நாங்கள் யோசிக்காமல் செய்த ஒரு காரியத்தால் மல்லிகா என்ற பெண்ணின் சாகுபடி நிலம் அவள் கையை விட்டுப் போக இருந்தது. அதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் வேனைச் சொல்ல வேண்டும்.

போன வருஷம் மகன் வீட்டுக்கு ஆஸ்திரேலியா போயிருந்தோம். பேரனைப் பார்க்க வாங்க என்றுதான் கூப்பிட்டான். போன பிறகுதான் சமைக்கக் கூப்பிட்டான் என்று தெரிந்தது. லீவு கிடைத்தபோது எங்களைப் பாலைவனத்துப் பக்கம் காரில் கூட்டிக்கொண்டு போனான். சிவப்பு மண், முட்புதர், கண்ணுக்கு எட்டியவரை ஒரு வீடு கிடையாது. அந்த ரோட்டில் எதிரே வந்தவர்கள் எல்லாம் கிழவன் கிழவிகள். வீட்டையே வண்டிக்குள் வைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள். சாயந்திரம் ஆனால் வெளியே நாற்காலியைப் போட்டு பீர் குடிக்கிறார்கள். அதில் ஒரு கிழவியிடம் மகன் பேச்சுக் கொடுத்துவிட்டு வந்து சொன்னான்: வேலை முடிந்ததும் வீட்டை விற்றுவிட்டார்களாம், உடம்பில் தெம்பு உள்ளவரை இப்படியே சுற்றுவார்களாம், பிள்ளைகள் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள்தான் தேடி வர வேண்டுமாம்.

என் வீட்டுக்காரர் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அங்கே அவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்க மகன் சம்மதிக்கவில்லை. பின் சீட்டில் பேரனுக்கு பிஸ்கெட் கொடுத்துக்கொண்டு வந்தவர், ஊர் திரும்பிய மாதமே, ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட மஞ்சள் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பெஞ்சுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டார். கூரைமேல் தண்ணீர்த் தொட்டி வைத்தார். பின்பக்கம் கேஸ் அடுப்பு. ஜன்னல் கம்பிப் பெயிண்டில் ஏதோ ஒரு பிள்ளை பல்லால் கடித்த தடம் அப்படியே இருந்தது.

பாலைவனத்துக்கு எங்கே போவது என்று கேட்டேன். ஆற்றில் தண்ணீர் வந்து இரண்டு வருஷம் ஆகிறது, கிழக்கே போனால் பாலைவனம்தான் என்றார்.

ஆவணி மாதம் கிளம்பினோம். நல்ல வருஷமாக இருந்தால் அந்த மாதத்தில் வாய்க்கால் எல்லாம் தண்ணீரும், வயல் எல்லாம் நாற்றுமாக இருக்கும். நாங்கள் கிளம்பியபோது காவிரியில் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் அதிக தூரம் போகவில்லை. காரணம், இவர் ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் ஓரம் கட்டினார். வேண்டுமென்று இல்லை, கை தானாகப் போகிறது, கால் தானாக பிரேக்கை மிதிக்கிறது. திட்டினால் சரி சரி என்பார். அடுத்த ஸ்டாப்பில் மறுபடி ஓரம் கட்டுவார். ஓர் இடத்தில் கீரைக்கூடையோடு நின்ற அம்மாள் கதவைத் திறந்து ஏறி என் கட்டிலில் உட்கார்ந்து, கும்பகோணம் ஒண்ணு என்று கையை நீட்டினார். இவர் கியரைப் போட்டார்.

இது பஸ் இல்லை என்று நான் சொன்னேன். அந்த அம்மாள் தொங்கிய கரண்டிகளையும் தலையணையையும் நிதானமாகப் பார்த்தார்.

"எலெக்‌ஷன் வருதுல்ல, பஸ்ஸுல கட்டிலு போட்டுக் குடுத்துட்டாங்களாக்கும்னு நெனச்சேன்" என்றார்.

மிக்ஸி கொடுத்தார்கள், ஃபேன் கொடுத்தார்கள், ஆடு கொடுத்தார்கள். அவர் நினைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை. கும்பகோணத்தில் இறக்கிவிட்டோம். இரண்டு கட்டு முளைக்கீரையைக் கட்டிலில் வைத்துவிட்டு இறங்கினார். ராத்திரி சாப்பாட்டுக்கு அதுதான்.

மறுநாள் தெற்கே திரும்பினோம். பாலம் வரும், பாலத்தின் கீழே மணல் வரும், அவ்வளவுதான். சில இடங்களில் மணலும் இல்லை, அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மன்னார்குடிக்கு முன்னால் ஒரு டீக்கடையில் இரண்டு பேர், ஒருவர் வேட்டியில் ஒரு கட்சிக் கரை, மற்றவர் வேட்டியில் இன்னொரு கட்சிக் கரை. தண்ணீரை விட்டுக்கொடுத்தது உங்கள் ஆட்சியா, எங்கள் ஆட்சியா என்று சண்டை. கடைக்காரர் சொன்னார், தினமும் இதே நேரத்துக்கு இதே சண்டையாம். முடிந்ததும் ஒரே டீயைப் பாதிப் பாதி ஊற்றிக் குடித்துவிட்டு ஒரே மோட்டார் சைக்கிளில் போனார்கள். அந்தக் கடைச் சுவரில் மண்ணுக்குள் இருந்து வாயு எடுக்க வராதே என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அதன்மேல் யாரோ கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள்.

எங்கள் பக்கம் போர்வெல் இருக்கிறது, வாழை நிற்கிறது, கண்ணுக்குப் பச்சை தெரியும். மன்னார்குடியைத் தாண்டினால் நிறம் போய்விடுகிறது. வயல் வெடித்துக் கிடக்கிறது. வெடிப்பில் கை முழங்கை வரை போகிறது, விட்டுப் பார்த்தேன். பச்சையாக நிற்பது சீமைக்கருவேல் ஒன்றுதான். இதையெல்லாம் டிவியில் பார்த்தபோது ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுச் சானல் மாற்றியிருக்கிறோம். பஸ்ஸில் போனால் தூங்கிவிடுவோம். வேனில் மெதுவாகப் போனால் தப்பிக்க முடியாது.

முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டைப் பார்க்கப் படகு பிடித்தோம். நடுவழியில் எஞ்சின் நின்றது. நான் பார்க்கிறேன் என்று இவர் எழுந்தார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. படகுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, ஐயா நீங்க உக்காருங்க, அதுவா ஸ்டார்ட் ஆகும் என்றார். அதுவாகத்தான் ஆனது.

கரையேறிய பிறகு கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடை பாயிடம் கழிப்பறை எங்கே என்று நேராகவே கேட்டேன். அவர் மேனேஜரைக் கூப்பிடவில்லை. மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா என்னை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டு போய், சுத்தமான கக்கூஸைக் காட்டி, வெளியே வந்ததும் தட்டு நிறைய இறால் வாடாவை வைத்து உட்காரச் சொன்னார். அரிசி மாவைத் தட்டி இறாலை வைத்துப் பொரித்தது. நான் நாலு தின்றேன். இவர் எத்தனை தின்றார் என்று எழுதினால் மகன் படித்துவிட்டு போன் செய்வான்.

பாய் சவூதியில் பாதி ஆயுசு இருந்தவர். நாங்கள் பாலைவனம் பார்க்கக் கிளம்பிய கதையைக் கேட்டுச் சிரித்தார். "அங்க பாலைவனத்துல தக்காளி வெளையுதுங்க, நானே பறிச்சிருக்கேன். இங்க வெளையிற மண்ணைப் பாலைவனமாக்கி வச்சிருக்கோம்" என்றார். வழிக்கு என்று ஒரு பொட்டலம் வாடாவும் கட்டிக் கொடுத்தார்கள்.

அந்தப் பொட்டலத்தோடுதான் அந்த நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வேதாரண்யம் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, வெட்டவெளியில் ஒற்றை வேப்பமரம் நின்றது. மத்தியான வெயில். சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. ஆஸ்திரேலியா மாதிரி இருக்குல்ல என்று இவர் வேனை வரப்பைத் தாண்டி வயலுக்குள் இறக்கினார். மரத்துக்குப் பக்கத்தில் முன்சக்கரம் ஒரு பெரிய வெடிப்பில் இறங்கியது. டமார் என்று சத்தம். இவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு ஸ்பிரிங் பட்டை ஒடிந்துவிட்டது என்றார். மெக்கானிக்குக்குப் போன் போட்டால், சாமான் வர இரண்டு நாள் ஆகும் என்றான். சரி, நல்ல இடம்தான் என்று தார்ப்பாயைக் கட்டினோம், நாற்காலியைப் போட்டோம். காற்றில் கேஸ் அடுப்பு நிற்கவில்லை. மூன்று மண்கட்டியை வைத்துச் சுள்ளி பொறுக்கி உலை வைத்தேன்.

அதுதான் நாங்கள் செய்த காரியம்.

இந்தச் சீமையில் அடுத்தவன் நிலத்தில் வண்டி நின்றால் கேட்கமாட்டான். அடுப்பு எரிந்தால் கேட்பான். அடுப்பு எரிகிற இடம் குடியிருப்பு. குடியிருந்தவனுக்கு உரிமை உண்டு. கூலிவேலை செய்தவர்கள் குடிசைக்குக் கீழே இருந்த மண்ணை அப்படித்தான் சட்டப்படி வாங்கினார்கள். எனக்கு இது தெரியாதா? நானே அந்த மாதிரித் தெருவில் பிறந்தவள். ஆனால் சுற்றுலா கிளம்பியவளுக்குப் புத்தி வெளிநாட்டுக்காரி மாதிரி ஆகிவிடுகிறது. அந்தப் பாலைவனத்தில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி அடுப்பு மூட்டலாம். தஞ்சாவூர்ச் சீமையில் நிழலுக்குக்கூட நாலு பேர் வழக்கு வைத்திருப்பார்கள்.

வெயில் தாழ்ந்த நேரம் ஒரு பெண் வரப்பில் வேகமாக வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கையில் அரிவாள். வந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "அடுப்ப அணைங்க."

எனக்குச் சுருக்கென்றது. உன் வீட்டுக் கூரையிலா மூட்டினேன் என்று கேட்டேன்.

"என் நெலத்துல மூட்டியிருக்கீங்க. நாளன்னைக்கு ஆபீசரு பாக்க வர்றாரு. உள்குத்தகைக்கு விட்டுட்டேன்னு எழுதிட்டுப் போயிருவாரு. நீங்க இந்தப் பக்கம் பொட்டலத்தப் பிரிச்சுத் தின்னுட்டு ஊரு சுத்தப் போயிருவீங்க. நான் எங்கங்க போவேன்?"

கொதிக்கிற கஞ்சியை அப்படியே எடுத்து நெருப்பில் கொட்டினேன்.

அவள்தான் மல்லிகா. உட்கார வைத்து, வாடாவைக் கொடுத்து, விஷயத்தைக் கேட்டோம். நிலம் கோயிலுக்குச் சொந்தம், உள்குத்தகைக்கு விட்டால் குத்தகை ரத்து. முன்னே ஒரு மிராசுதார் குத்தகை என்ற பேரில் வைத்து அனுபவித்தார். இவள் மாமனார் காலத்தில் கொடி பிடித்து, போலீஸிடம் அடி வாங்கி, சாகுபடி செய்கிறவர்கள் பேருக்கே குத்தகையை மாற்றி வாங்கினார்கள். மாமனாருக்குப் பிறகு புருஷன், அவர் செத்த பிறகு இவள். இரண்டு வருஷமாகத் தண்ணீர் இல்லை, விதைக்கவில்லை. அந்த ஊரில் யாருமே விதைக்கவில்லை. ஆனால் ஊரின் முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர் இவள் நிலத்தை மட்டும் காட்டி, தரிசாகப் போட்டிருக்கிறாள், பொம்பளையால் முடியவில்லை, என் மச்சான் பேருக்கு மாற்றுங்கள் என்று கோயில் ஆபீசில் மனுக் கொடுத்திருக்கிறார். மச்சானுக்கு இறால் குட்டை வெட்ட இடம் வேண்டும். உப்புத் தண்ணீர் கட்டினால் அந்த மண் முடிந்தது. தலைவர் வேட்டியின் கரை இரண்டு தடவை மாறியிருக்கிறது, ஆள் மட்டும் மாறவில்லை என்று மல்லிகா சொன்னாள்.

அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. நிலத்தில் ஆட்டுக்கிடை போட வேண்டும். கோடையில் ராமநாதபுரம் பக்கத்து மந்தைகள் இங்கே வரும். அறுத்த வயலில் ராத்திரி ஆடுகளை அடைப்பார்கள். சாணியும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். தண்ணீர் திறந்திருந்தால் இந்நேரம் ஊர் திரும்பியிருப்பார்கள். திறக்காததால் ஒரு மந்தை பக்கத்து ஊரில் நிற்கிறது. கிடை போட்டு, புழுதி உழவு ஓட்டி, காய்ந்த மண்ணிலேயே நெல்லைத் தூவிவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருப்பது அவள் கணக்கு. கிடை கிடந்த நிலத்தைப் பார்த்தால் ஆபீசர் தரிசு என்று சொல்லமாட்டார். ஆனால் வருகிறேன் என்று வெற்றிலை வாங்கிய கீதாரி, அதாவது மந்தைத் தலைவர், இப்போது வராமல் மழுப்புகிறார்.

இப்போது நாங்கள் வேறு வந்து அடுப்பு மூட்டிவிட்டோம்.

காலையில் மல்லிகா முன்னால் நடக்க நானும் இவரும் பின்னால் போனோம். மந்தை ஒரு பொட்டலில் நின்றது. கீதாரி எழுபது வயதுக்காரர், கறுத்து மெலிந்தவர். பக்கத்தில் மூன்று கல் வைத்து அவர் மனைவி கருவாட்டுக் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்த அடுப்பைக் கண்டு யாருக்கும் பயமில்லை. நாளைக்கு அது வேறு ஊரில் எரியும் என்று எல்லோருக்கும் தெரியும். நாங்கள் வேனில் தூங்கி எழுந்து சமைத்துக்கொண்டு திரிகிறோம் என்று மல்லிகா சொன்னதும் கீதாரி எங்களைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏன், பிள்ளைக வீட்டுல சேக்கலியா?" என்று கேட்டார்.

விளக்கிச் சொன்னால் இன்னும் மோசமாகும் என்று விட்டுவிட்டேன். நேராக விஷயத்துக்கு வந்தேன். வெற்றிலை வாங்கினீரா இல்லையா, வாங்கிவிட்டு இந்தப் பெண்ணை ஏன் அலைய விடுகிறீர் என்று கேட்டேன். ஊசி போட்டுக்கொள்ளாமல் ஓடி ஒளிகிறவர்களைத் திட்டுகிற குரல் எனக்குத் தனியாக உண்டு. அது தானாக வந்துவிட்டது.

அவர் தலையைக் குனிந்தபடி சொன்னார். மந்தையை அங்கே ஓட்ட வேண்டுமானால் தலைவர் வீட்டு வாசல் ரோடுதான் வழி. வாசலில் ஆடு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். குறுக்கே வயலில் இறங்கினால் ஒவ்வொரு வயல்காரனும் கேட்பான். வெளியூர்க்காரன் எத்தனை பேருக்குப் பதில் சொல்வது? அடுத்த வருஷமும் இந்தப் பக்கம் வந்தாக வேண்டும்.

அவர் மனைவி குழம்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வெத்தலையத்தான் மென்னு முழுங்கியாச்சே. இப்பத் துப்பச் சொன்னா எப்படித் துப்புவீரு?"

அதுவரை ஆட்டுக்குட்டியின் காதைத் தடவிக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். கலவரம், மறியல் என்று ரோடு அடைத்திருந்தால் கண்டக்டரிடம் கேட்பாரே, அதே மாதிரி மல்லிகாவிடம் கேட்டார்.

"வேற ரூட்டு இல்லையாம்மா?"

இல்லை என்றாள். பிறகு நின்று கிழக்கே பார்த்தாள்.

"வாய்க்கா இருக்கு" என்றாள்.

"அது எங்க போய் முடியுது?"

"என் வயல்லதான். கடைசி மடை என்னுது."

"யாரு நெலம் அது?"

"கவர்மெண்டு பொறம்போக்கு."

"தலைவரு வாசலத் தாண்டுதா?"

"கொல்லைப்பக்கமா போகுது."

"அப்புறம் என்ன?" என்றார் இவர்.

தண்ணீர் இருந்தால் அது வாய்க்கால். இல்லாவிட்டால் அது ரோடு. கடைமடையில் பிறந்து வளர்ந்த மல்லிகாவுக்கு வாய்க்கால் என்றால் தண்ணீர் வரும் வழி, வேறு எதுவும் வரும் என்று தோன்றவே இல்லை. கீதாரி மனைவியைப் பார்த்தார். மனைவி குழம்பை இறக்கினார். சாயந்திரம் ஓட்டுகிறேன் என்றார் கீதாரி.

ஆனால் வாய்க்காலில் இறங்கிப் பார்த்தால் ஆடு அல்ல, எலிகூடப் போக முடியாது. சீமைக்கருவேலும் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டு நின்றன. தூர் வாரியதாக மதகுக்குப் பக்கத்தில் போர்டு மட்டும் இருந்தது, மந்திரி பேரோடு. மல்லிகா தெருவுக்குப் போய் ஆறேழு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நூறு நாள் வேலையில் சேர்ந்து மண்வெட்டி பிடித்தவர்கள். எல்லோரும் இறங்கி வெட்டினோம். எனக்கு ஒரு அரிவாள் கொடுத்தார்கள். முள் கையைக் கிழித்தது. நர்சம்மா ரத்தத்தைப் பாத்துப் பயப்படுறாங்க என்று ஒருத்தி கேலி செய்தாள். இவர் வெட்டிய முள்ளை இழுத்துக் கரையில் போட்டார். மத்தியானம் தெருவிலிருந்து சோறும் சுண்டக்காய்க் குழம்பும் வந்தது. வரப்பில் உட்கார்ந்து ஒரே சட்டியில் பிசைந்து எல்லோருக்கும் கையில் உருட்டிக் கொடுத்தாள் மல்லிகா. ஆஸ்திரேலியாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அந்தக் கிழவிக்கு இப்படி ஒரு உருண்டை கிடைத்திருக்காது. சாயந்திரத்துக்குள் வாய்க்கால் தூர் வாரியாகிவிட்டது. நாங்கள் போர்டு வைக்கவில்லை.

வெயில் மஞ்சளாகிற நேரத்தில் முதலில் புழுதி தெரிந்தது. பிறகு சத்தம். வாய்க்காலின் இரண்டு கரைக்கு நடுவில், கரை மட்டத்துக்குக் கீழே, ஆடுகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. வளைவில் வளைந்தன, பள்ளத்தில் வேகம் எடுத்தன. தலைவர் வீட்டுக் கொல்லையில் அவரே நின்றுகொண்டிருந்தார். கரையில் வந்த கீதாரி தோளில் இருந்த துண்டை எடுத்து அவருக்கு மரியாதையாகக் கும்பிடு போட்டார். நிற்கவில்லை.

மல்லிகா மண்வெட்டியோடு தன் மடையில் நின்றாள். இரண்டு வருஷமாக மண் போட்டு அடைத்துக் கிடந்த மடை. தண்ணீருக்கு வெட்டிவிடுவது போலவே இரண்டு கொத்தில் வெட்டிவிட்டு ஒதுங்கினாள். ஆடுகள் அதன் வழியாக வயலுக்குள் இறங்கின. தெருப் பெண்கள் எல்லோரும் கரையில் நின்று பார்த்தார்கள். ஒருத்தி அழுதாள். ஆட்டுக்கு எதுக்குடி அழுகிறாய் என்று இன்னொருத்தி கேட்டாள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

வேனையும் உள்ளே வைத்துக் கிடைக்கு வலை கட்டினார்கள். ராத்திரி ஆடுகள் வேனில் முதுகைத் தேய்த்தன, கட்டில் தொட்டில் மாதிரி ஆடியது. நாற்றத்தை எழுத மாட்டேன். இவர் டெப்போவில் தூங்குவது போல் குறட்டை விட்டார்.

காலையில் ஆபீசர் வந்தார். சின்ன வயசு. தலைவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தார். இறங்கியவர் ஷூவோடு சாணியில் காலை வைத்தார்.

தலைவர் முந்திக்கொண்டார். "பாருங்க சார், வேனோட ஒரு குடும்பத்தையே குடிவச்சிருக்கா. அடுப்பு எரிஞ்ச எடத்தப் பாருங்க. நான் சொன்னப்ப நம்பலியே."

ஆபீசர் என்னிடம் யார் நீங்கள் என்று கேட்டார். நான் சொன்னேன்: "நாங்க வேலையில்லாம ஊரு சுத்தற கெழடுங்க. வழி தெரியாம இவ வயல்ல எறக்கி வண்டிய ஒடச்சிட்டோம். அடுப்பு மூட்டினது நான். அணைக்கச் சொன்னது அவ. குடியிருக்கிற வண்டியா இதுன்னு நீங்களே குனிஞ்சு பாருங்க."

குனிந்து பார்த்தார். ஒடிந்த பட்டை தொங்கியது. நிமிர்ந்து வயலைப் பார்த்தார். ஆடுகள் இன்னும் நின்றன. எப்போது உழவு என்று மல்லிகாவிடம் கேட்டார்.

"நாளைக்கு. புழுதியில தெளிச்சுட்டு மழைக்கு உக்காந்திருப்பேன்" என்றாள்.

"மழ வரலன்னா?" என்றார் தலைவர்.

மல்லிகா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆபீசர் ஷூவை வரப்பில் தேய்த்தார்.

"எங்க வீட்டுலயும் கொஞ்சம் நெலம் இருக்குங்க. கெடை போட்ட நெலத்தத் தரிசுன்னு எழுத எனக்குக் கை வராது" என்றார். திரும்பிப் போகும்போது மோட்டார் சைக்கிளில் ஏறவில்லை. பஸ்ஸுக்கு நடந்து போனார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத நான் முட்டாள் இல்லை. அடுத்த வருஷம் அந்த மனிதர் வேறு மனு எழுதுவார். கீதாரிக்கு என்ன தொல்லை வருமோ தெரியாது. ஆனால் இந்த வருஷம் நிலம் அவள் கையில் இருக்கிறது.

கீதாரி மந்தையை ஓட்டிக்கொண்டு வந்த வழியே போனார். மெக்கானிக் வந்தான், பட்டையை மாற்றினான், தெருப் பெண்கள் தள்ள வேன் வரப்பைத் தாண்டி ரோட்டுக்கு ஏறியது. நான் மல்லிகாவிடம் விடைபெறப் போனேன். கையைப் பிடித்து அழுவாள், நானும் கொஞ்சம் அழ வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வயலில் வேன் போய் வந்த தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு உழவு ஓடும். ஆனா இந்தத் தடத்துல மண்ணு கல்லா இறுகிப்போச்சு. கொழு மேலாக்கத்தான் கீறிட்டுப் போகும். இதுல ஒண்ணும் மொளைக்காதுங்க" என்றாள்.

இவர் வேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். ஆளுக்கு ஒரு மண்வெட்டி வாங்கிக்கொண்டோம். ஒரு சக்கரத் தடம் அவருக்கு, ஒன்று எனக்கு. கடல் அன்றைக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. கொத்தி முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது மல்லிகா வந்து, நான் கொத்திய தடத்தில் வெறுங்காலால் மிதித்துக்கொண்டே நடந்தாள். நடுவில் ஓர் இடத்தில் நின்றாள்.

"இங்க இன்னும் கொஞ்சம் ஆழமா" என்றாள்.

கொத்தினேன்.